பனி தள்ளுபவர்களைப் பற்றி அப்படி எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரக் குளிர்காலக் கட்டுரையில் 'தெருவைச் சுத்தம் செய்ய வந்து வாசலை மறித்துவிட்டுப் போகிறவர்கள்' என்று ஒரு வரி வந்திருந்தது. மற்றபடி நல்ல கட்டுரைதான். ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் கணவர் பல வருஷமாகப் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறார்.

வண்டிக்கு முன்னால் பனியை ஒதுக்கும் பெரிய தகடு, அதாவது பிளேடு, சாய்வாக நிற்கும், பனி ஒரே பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும், உங்கள் வாசல் வந்தால் மட்டும் அது வேறெங்கே போகும்? ஒவ்வொரு வீட்டு முன்னாலும் நின்று நின்று அள்ளினால் விடிவதற்குள் பெரிய சாலைகள்கூட முடியாது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் அந்த வரியை விட்டுவிட்டீர்களே, அதுதான் வருத்தம்.

நடு ராத்திரியில் போன் வரும், எழுந்து போய்விடுவார். விளக்கு வெளிச்சத்தில் பனி நேராகக் கண்ணுக்குள் வருவது போலவே இருக்குமாம், சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாது. எந்தத் தெருவில் எந்தச் சாக்கடை மூடி துருத்திக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் பிளேடு அதில் மோதினால் முதுகெலும்பு வரைக்கும் அதிரும். வீட்டுக்கு வரும்போது பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பு பூட்ஸில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கும், விரல்களை நீட்டவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

போன வருஷமும், பனி விழுவதற்கு முன்பே உப்புநீர் தெளித்து வரிப்பணத்தை வீணாக்குகிறார்கள் என்று ஒரு வாசகர் கடிதம் போட்டீர்கள். முன்கூட்டித் தெளித்தால்தான் பனி சாலையோடு ஒட்டி இறுகாது, பிறகு போடும் உப்பும் குறையும் என்று நான் எழுதிய பதில் வரவே இல்லை. உப்பே போடவில்லை என்று திட்டுகிறவர்களும் உண்டு. மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அப்போது சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்க மணல்தான் போடுவார்கள். அதைச் சொல்ல உங்கள் பத்திரிகையில் இடம் இல்லை.

முந்துகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல! வண்டி மெதுவாகத்தான் போகும், பின்னால் பனிப்புகை எழும்பும், பக்கவாட்டில் இன்னொரு பிளேடு நீண்டிருப்பது அந்தப் புகையில் தெரியாது. ஒரு தடவை ஒரு கார் அந்த இடுக்கில் நுழைந்து மயிரிழையில் தப்பியது. அன்று காலை வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவே இல்லை. ஆம்புலன்ஸுக்கு முன்னால் வழி திறந்துகொண்டு போன ராத்திரிகளும் அவருக்கு உண்டு, அது எந்தப் பக்கத்திலும் செய்தியாகவில்லை. தெருவில் யாரோ விட்டுப்போன காரில் ஒரு கீறல் விழுந்தால் படத்தோடு வருகிறது.

அமெரிக்காவின் மினசோட்டாவில் சாலைத் துறையே மக்களிடம் கேட்டு இந்த வண்டிகளுக்குப் பெயர் வைக்கிறது. ஸ்காட்லாந்திலும் உப்பு வண்டிகளுக்குப் பெயர் உண்டு, எந்த வண்டி எங்கே போகிறது என்று வரைபடத்தில் பார்க்கலாம். அந்த அளவுக்கு நான் கேட்கவில்லை.

பனி எச்சரிக்கை வரும் நாட்களில் வானிலைக்குக் கீழே மூன்று வரி போடுங்கள், போதும். காரைத் தெருவில் விடாதீர்கள். வாசல் பனியைத் திரும்பத் தெருவில் தள்ளாதீர்கள். பனி தள்ளும் வண்டியை முந்தாமல் பின்னால் தள்ளியே வாருங்கள். இடம் போதாமல் என் கடிதத்தை வெட்டுவதானால் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள், இந்த மூன்றை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி