பத்து வயதில் வரும் பேத்தி

செயின்ட் பால், மின்னசோட்டா
2025 ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். அங்கே அனைவரின் சுகத்தையும் அறிய ஆவல். அப்பாவின் கடிதம் ஈஸ்டருக்கு முந்தின நாள் வந்து சேர்ந்தது. ஃபெஞ்சல் புயலின்போது பெண்ணையாற்று வெள்ளம் பின்கட்டு வரைக்கும் வந்ததையும், சுவர் ஊறிப்போய் இன்னும் காயாமல் நிற்பதையும் இத்தனை மாதம் கழித்து எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசியில் கேட்டபோதெல்லாம் வாசல் வரைக்கும்தான் தண்ணீர் வந்தது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனி எதையும் மறைக்க வேண்டாம்.

முதலில் நல்ல செய்தி. ஒடிசாவிலிருந்து நாங்கள் தத்தெடுக்கும் அக்கா, தம்பி இருவருக்கும் மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை வந்துவிட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆட்சியரே இந்த ஆணையைப் பிறப்பிக்கிறார். இனி எங்கள் பெயர்களைப் பெற்றோராகக் குறித்த பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணக்கச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கடைசியாக டெல்லியில் அமெரிக்கத் தூதரக விசா ஆகியவைதான் மீதி. நாங்கள் இருவரும் இந்நாட்டுக் குடிமக்கள் என்பதால், 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகள் அந்த விசாவில் இங்கே வந்து இறங்கியதும் குடியுரிமை பெற்றுவிடுவார்கள். அதற்குப் பின்னும் இரண்டு ஆண்டுகளுக்கு, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து இந்தியாவுக்கு அறிக்கை அனுப்புவார்.

அப்பா கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். “கைக்குழந்தையாக எடுத்திருந்தால் நம் பிள்ளையாகவே வளர்ந்திருக்குமே, பத்து வயதுப் பெண்ணும் ஏழு வயதுப் பையனும் நம்மோடு ஒட்டுவார்களா?” என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியம்மாவும் இதையேதான் கேட்டார்கள். உங்களுக்குக் கணக்கு வேண்டும் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்: 2024–25 நிதியாண்டில் காரா மூலம் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் 4,515 பேர், அவர்களில் 4,155 பேர் இந்தியாவுக்குள்ளேயே வீடு கண்டவர்கள். கைக்குழந்தைக்காகப் பதிவு செய்த தம்பதிகள் அங்கே ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள், அதிலும் அக்காவும் தம்பியுமாக இருப்பவர்கள், யாரும் கேட்காமல் அதே இல்லத்தில் வளர்ந்துகொண்டே போகிறார்கள். வரிசையில் இன்னொரு தம்பதியாக நிற்பதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

சுனாமிக்குப் பிறகு கடலூரில் அரசு திறந்த குழந்தைகள் இல்லத்துக்கு, சபைப் பெண்களோடு நானும் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய்வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன், யார் உள்ளே வந்தாலும் முதலில் அவர்கள் காலில் போட்டிருக்கும் செருப்பைத்தான் பார்ப்பான். தன் அப்பா எப்போதும் போட்டிருந்த செருப்பைத் தேடுகிறான் என்று ஆயா சொன்னார். அன்று எனக்குத் தெரிந்தது, பெரிய பிள்ளைக்கு நினைவு இருக்கிறது என்பதுதான். அந்த நினைவோடு சேர்த்தே பிள்ளையை ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

வீடியோ அழைப்பில் பார்க்கும்போதெல்லாம் பெரியவள் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். அவனைக் கேட்டாலும் அவளே பதில் சொல்கிறாள். பிள்ளையின் விருப்பத்தை அதன் வயதுக்கேற்பக் கேட்டறிய வேண்டும் என்று சட்டம் சொல்வதால், இல்லத்தின் பணியாளர் ஒடியாவில் அவளிடம் எல்லாவற்றையும் விளக்கி, ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். “தம்பியும் அதே வீட்டுக்குத்தானே?” என்பது மட்டும்தான் அவள் கேட்டது. ஆமாம் என்று தெரிந்த பிறகே அவள் கை சற்றுத் தளர்ந்தது.

அவர்கள் பெயர்களை இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. சட்டப்படி பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது. அண்ணியிடமும் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நான் காட்டிய படம் சபை வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன் அல்லவா, தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் முழுவதும் உறைந்த ஏரியின்மேல் ஒரு சிறு குடிசையை இழுத்துக்கொண்டு போய், பனிக்கட்டியில் துளையிட்டு, அதில் தூண்டில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். விடியுமுன் எங்கள் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போய்விடுவார், நன்றி சொல்லப் போனால் கதவைத் திறக்க மாட்டார். அவர் கொடுத்தனுப்பும் வால்ஐ என்ற ஏரி மீனில் நான் குழம்பு வைக்கிறேன். சதை வெள்ளையாக, முள் குறைவாக இருக்கும், ஆனால் கடல் மீனின் உப்பு வாசனை கொஞ்சமும் கிடையாது. மண்சட்டி இல்லை. புளி கடையில் கிடைக்கிறது.

அவர் 1980களின் தொடக்கத்தில் கொரியாவிலிருந்து ஏழு வயதுப் பெண்ணைத் தத்தெடுத்தவர். இந்த மாநிலத்தில் அப்படி வந்த கொரியப் பிள்ளைகள் மிக அதிகம். அநாதை என்று தாளில் எழுதி அனுப்பப்பட்ட அந்தப் பெண், வளர்ந்த பிறகு தேடிப்போய், தன்னைப் பெற்ற தாய் உயிரோடு இருந்ததைக் கண்டுபிடித்தாள். பெற்றோர் இருந்தும் அநாதைகள் என்று பொய்யாகப் பதிந்து பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தவறுகளைத் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் கடந்த மார்ச் மாதம் உறுதிப்படுத்தியபோது, அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு பெரியவர் முதன்முறையாக எங்கள் வீட்டுக்குள் வந்தார். உங்கள் பிள்ளைகளின் தாள்களை ஒவ்வொரு வரியாகப் படித்தீர்களா என்று கேட்டார். படித்திருந்தோம். இரண்டு வயதைக் கடந்த கைவிடப்பட்ட பிள்ளை என்றால், உற்றாரைத் தேட நான்கு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே, சட்டப்படி தத்துக்குரியவர் என்று குழந்தைகள் நலக் குழு அறிவிக்க முடியும். அந்தத் தேடல் எப்படி நடந்தது என்று என் கணவர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்து, அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். கேட்கும்போது அந்தத் தாள் நம் கையில் இருக்க வேண்டும்.

பெயரை மாற்றுவீர்களா, ஞானஸ்நானம் எப்போது என்றும் கேட்டிருந்தீர்கள். பெயர் மாறாது. பெற்றவர்கள் கொடுத்ததில் அவர்களிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். ஞானஸ்நானத்தைப் பொறுத்தவரை, இவர் ஊழியக்காரராக இருந்தே சொல்கிறார்: பிள்ளைகள் எங்களோடு ஆலயத்துக்கு வருவார்கள், ஜெபத்தில் உட்காருவார்கள், தாங்களாகக் கேட்கும் வரை அதைப் பற்றிப் பேச மாட்டோம். வீடு கிடைப்பதற்கு விசுவாசம் விலையாகக் கூடாது. நம் சபைப் போதகர் ஐயரிடம் அப்பாவே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஞாயிறு ஆராதனையில் அவர்களை முன்னால் நிறுத்தி ஸ்தோத்திரம் ஏறெடுக்க வேண்டாம்.

செலவைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். சபையார் விமானச் சீட்டுக்கு உதவுகிறார்கள். தத்தெடுப்புக்கென்று இந்த ஆண்டு ஒரு பிள்ளைக்கு 17,280 டாலர் வரை வரிச் சலுகையும் இருக்கிறது, அது அடுத்த ஆண்டுக் கணக்கில் வரும். மாலை வேளைகளில் நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போவது, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். காரை விற்றுவிட்டோம், பேருந்து வசதியாகவே இருக்கிறது. வளையலை விற்று அனுப்புகிறேன் என்று மட்டும் இன்னொரு முறை சொல்லாதீர்கள், அம்மா.

இரவு வேலை முடிந்து பேருந்துக்காக நிற்கும்போது, துறைமுகத்தில் படகு வந்து நிற்கிற நேரத்துச் சத்தமும், முதுநகர்ச் சந்தையில் கருவாட்டுக் கூடையைத் திறக்கிற வாசனையும் திடீரென்று வந்துவிடுகின்றன. அம்மா, உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்பதால்தான் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இவரைப் பேசச் சொல்கிறேன். எனக்குக் குளிர் பழகவில்லை, பழகும் என்றும் தோன்றவில்லை. போகட்டும்.

இனி வீட்டு விஷயம். அண்ணன் பாகப்பிரிவினைப் பத்திரத்தை இந்தக் கோடையிலேயே முடிக்க நினைக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதில், ‘தத்துப் பிள்ளைகள் நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று எழுத்தர் கேட்டாராம். கூடாது, அப்பா. பெரிய அத்தை வளர்த்த பிள்ளைக்கு அத்தை கண்மூடிய பிறகு என்ன நடந்தது என்று நாம் எல்லாரும் பார்த்தோம். அப்போது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி கிறிஸ்தவர்கள் காப்பாளராக இருக்க முடிந்ததே தவிர, பெற்றோராக முடியவில்லை. இன்று அப்படி இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, ஆணை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து தத்துப் பிள்ளை பெற்ற பிள்ளைக்குச் சமம் என்கிறது, உயில் இல்லாத சொத்துரிமை உட்பட. என் பங்கு சிறியதாகவே இருக்கட்டும், பின்கட்டாகவே இருக்கட்டும், ஆனால் அது மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றுபோல் போக வேண்டும். எழுத்தரிடம் சொல்லி அந்த வரியை அடித்துவிடுங்கள். அண்ணனுக்கு வருத்தம் இருந்தால் நேரில் பேசிக்கொள்கிறேன். தாத்தா காலத்து வேதாகமத்தின் முன்பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர் எழுதும் இடத்தில், என் மகன் பெயருக்குக் கீழே இரண்டு வரி விட்டுவைத்திருங்கள். பெயர்களை நேரில் சொல்கிறேன்.

கடவுச்சீட்டு வந்ததும், விசாவுக்கு முன்பாக ஒரு வாரம் கடலூருக்கு அழைத்து வருகிறோம். புவனேஸ்வரத்திலிருந்து வாரம் ஒருமுறை புதுச்சேரிக்கு வரும் எக்ஸ்பிரஸில் வருவோம், அங்கே அண்ணன் வண்டியோடு வந்தால் போதும். உறவினர் கூட்டம் வேண்டாம். “பாவம்” என்று யாரும் அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டாம், பழைய கதையைக் கேட்கவும் வேண்டாம். அவர்கள் ஊரிலும் வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறுதான், பொரித்த கருவாடும் சிறு வெங்காயமும் அதோடு உண்டு. அம்மா வைக்கிற நீராகாரமே அவர்களுக்குப் பழக்கமான சாப்பாடு. பிரியாணி எல்லாம் இரண்டாம் மூன்றாம் நாளுக்கு இருக்கட்டும்.

அம்மாவின் கண்புரை அறுவையை நாங்கள் வரும் வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம், முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அண்ணன் மகளின் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் தெரிவியுங்கள். முன்னறை மின்விசிறி சத்தம் போடுகிறது என்றீர்களே, அதைச் சரி செய்ய ஆளை வரச் சொல்லுங்கள். அக்காவும் தம்பியும் அந்த அறையிலேயே ஒன்றாகப் படுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்