இலவச எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் பலசரக்குக் கடை நடத்துகிறேன். போன வருடம்தான் முதன்முறையாக யாழ்ப்பாணத்திலிருந்து பனையோலைப் பெட்டிகளை நேரடியாக எடுப்பித்தேன். சரக்கு ஹம்பர்க் துறைமுகத்துக்கு வந்த பிறகுதான் ஈஓஆர்ஐ என்ற இறக்குமதியாளர் எண் வேண்டும் என்றே எனக்குத் தெரியும். பதறிப்போய் ஒரு முகவரிடம் 180 யூரோ கொடுத்து எடுத்தேன். அப்புறம் பார்த்தால், சுங்கத்துறை அதை இலவசமாகவே தருகிறது! ஒருமுறை எடுத்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் செல்லும். பிரித்தானியாவுக்கு மட்டும் 2021 முதல் தனி எண்.

இன்னொன்று. வளர்ந்துவரும் சில நாடுகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஜிஎஸ்பி பிளஸ் என்ற வரிச்சலுகையில், இலங்கைப் பொருள்கள் பலவற்றுக்குச் சுங்கவரி இல்லை. ஆனால் 'இது இலங்கையில் உற்பத்தியானது' என்பதற்கான உரிய வாசகம் விலைப்பட்டியலில் இருக்க வேண்டும். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்கென்றால் அனுப்புகிறவர் இந்தச் சலுகைக்கெனப் பதிவு செய்திராவிட்டாலும் அதை எழுதலாம். என் பட்டியலில் அந்த வாசகம் இல்லை. முழு வரியும் கட்டினேன். பெட்டி முடைந்த பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கக்கூடிய பணம் அது.

புதிதாகக் கடை போடும் நம் பிள்ளைகளுக்காக இந்த விவரங்களைத் தங்கள் பத்திரிகை விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

கடைக்காரர் ஒருவர்,
டோர்ட்முண்ட்