ஆல்டிஹைடும் ஓர் அம்புக்குறியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மாணவர் இணைப்பிதழில், பிளஸ் டூ வேதியியல் பகுதியில் இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்கிறது: 'எல்லா ஆல்டிஹைடுகளும் ஈனாலாக மாறும்; ஆல்டிஹைடும் ஈனாலும் ஒரே சேர்மத்தின் இரு உடனிசைவு வடிவங்கள்.' ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறுகள். காகிதம் விற்கிற விலையில் இந்தச் சிக்கனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆல்டிஹைடு என்பது CHO தொகுதி உள்ள சேர்மம்; ஈனால் என்பது இரட்டைப் பிணைப்புள்ள கார்பனில் OH தொகுதி ஒட்டியது. ஈனாலாக மாற வேண்டுமானால் ஆல்டிஹைடு தொகுதியை ஒட்டிய ஆல்ஃபா கார்பனில் ஒரு ஹைட்ரஜனாவது இருக்க வேண்டும். அதுதான் அங்கிருந்து கிளம்பி ஆக்சிஜனுக்குப் போகிறது. ஃபார்மால்டிஹைடுக்கு ஆல்ஃபா கார்பனே கிடையாது. பென்சால்டிஹைடுக்கு உண்டு, ஆனால் அது வளையத்தில் மாட்டிக்கொண்ட கார்பன். நான்கு பிணைப்பும் தீர்ந்துவிட்டது, ஹைட்ரஜனுக்கு இடமில்லை. 31 வருஷம் ஆய்வகத்தில் பென்சால்டிஹைடு பாட்டிலைத் திறந்தவன் நான். அந்தக் கசப்பு வாதுமை வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. மூடியைச் சுற்றிப் பூத்திருக்கும் பென்சாயிக் அமிலத்தைச் சுரண்டாமல் பாட்டில் திறக்காது. காற்று பட்டால் அமிலமாகும். செறிந்த காரத்தில் போட்டால் கன்னிசாரோ வினையில் பாதி ஆல்கஹாலாகவும் பாதி அமில உப்பாகவும் பிரியும். ஈனாலாக மட்டும் ஆனதில்லை. தங்கள் கட்டுரையாளரின் பாட்டிலில் ஆகிறது என்றால் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

சரி, அது கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது தவறுதான் என்னை எழுத வைத்தது. உடனிசைவில், அதாவது ரெசொனன்ஸில், எந்த அணுவும் நகராது. எலக்ட்ரான்களை நாம்தான் தாளில் இடம் மாற்றி வரைகிறோம். வரைந்த படங்களில் எதுவும் தனியாக எங்கேயும் இருப்பதில்லை. இயங்கு சமநிலை மாற்றியத்தில், அதாவது டாட்டோமர்களில், ஹைட்ரஜன் நிஜமாகவே இடம் பெயர்கிறது. ஆல்டிஹைடும் ஈனாலும் இரண்டு தனிச் சேர்மங்கள். அசிட்டால்டிஹைடை எடுத்தால் கோடி மூலக்கூறில் விரல்விட்டு எண்ணுகிற அளவே அதன் ஈனாலான வினைல் ஆல்கஹால். அசிட்டிலீனோடு அமிலமும் பாதரச உப்பும் கலந்த நீர் சேரும்போது முதலில் உண்டாவது அதுதான். ஆனால் நிற்காமல் அசிட்டால்டிஹைடாகிவிடும். அதனால்தான் பாலிவினைல் ஆல்கஹாலைக்கூட அதிலிருந்து நேராகச் செய்ய வழியில்லாமல், பாலிவினைல் அசிட்டேட்டை நீராற்பகுத்துச் செய்கிறார்கள். ஆனாலும் அது இருக்கிறது ஐயா. 2001-ல் தனுசு பி2 என்ற விண்மீனிடை மேகத்தில் வினைல் ஆல்கஹாலை ரேடியோ தொலைநோக்கி கண்டுபிடித்திருக்கிறது. ஓர் உடனிசைவு வடிவத்தை இதுவரை எந்தத் தொலைநோக்கியாவது பார்த்ததுண்டா? தாங்களும் அறிவியல் படித்தவர் என்று பொங்கல் மலரில் வாசித்தேன். இதற்கு மேல் தங்களுக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

படத்திலும் அதே கதை. இரு பக்கமும் முனை வைத்த ஒற்றை அம்பு போட்டிருக்கிறீர்கள். அது உடனிசைவுக்கு உரியது. இங்கே வர வேண்டியது எதிரெதிராகப் போகும் இரண்டு அரை அம்புகள். என் பேத்தியிடம் சொன்னேன். "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்றாள். அச்சுக்கு இருக்கிற மரியாதை 31 வருஷ சாக்பீஸுக்கு இல்லை.

இந்த அறியாமைக்கு மார்க் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். 1994 செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த புறத்தேர்வாளர் என் மாணவியிடம், ஃபிரக்டோஸ் வெள்ளி ஆடி கொடுக்குமா என்று கேட்டார். டாலன்ஸ் கரைசலில் ஆல்டிஹைடு சேர்ந்தால் சோதனைக் குழாயின் உட்புறம் வெள்ளி படிந்து கண்ணாடிபோல் மின்னும்; அதுதான் வெள்ளி ஆடி. கீட்டோனில் பொதுவாக வராது. "கொடுக்கும் சார். கீட்டோனாக இருந்தாலும் டாலன்ஸ் கரைசலில் உள்ள காரத்தில் இரண்டு OH உள்ள ஈனாலாகி, அதாவது ஈன்டையாலாகி, ஆல்டிஹைடுள்ள சர்க்கரையாக மாறிவிடும்" என்றாள். பாடத்தில் இருந்ததைவிட ஒரு படி மேலான பதில். அவர் சிரித்துவிட்டு மார்க்கைக் குறைத்தார். நான் வாயைத் திறந்தேன். "கீட்டோன் எங்கேயாவது ஆடி காட்டுமா சார்?" என்று என்னையும் மடக்கினார். அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் ஃபிரக்டோஸை வைத்தே செய்து பார்த்தேன். முகம் பார்க்கிற மாதிரி சோதனைக் குழாய் பளபளத்தது. அவர் அதற்குள் பஸ் ஏறியிருந்தார்.

தங்களுக்கு நான் எழுதுவதும் முதல் முறையல்ல. சல்ஃபேட்டில் கீழே போட வேண்டிய 4 மேலே ஏறி, கந்தகத்துக்குப் புது இணைதிறன் வந்ததுபோல் இருந்ததைச் சுட்டி இரண்டு வருஷம் முன்பு எழுதினேன். வரவில்லை. அந்த வாரம் வாழைப்பூ வடைக் குறிப்பைப் புகழ்ந்து நான்கு கடிதங்கள் வந்திருந்தன. வடை நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

டாட்டோமரில் ஒரு ஹைட்ரஜன் அங்கே இருந்தால் என்ன, இங்கே இருந்தால் என்ன என்று உதவியாசிரியர் யாராவது கேட்கக்கூடும். 1953-ல் டி.என்.ஏ. அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்சன், பாடநூல்கள் டி.என்.ஏ.யின் காரங்களான (base) குவானினையும் தைமினையும் ஈனால் வடிவில் போட்டிருந்ததை நம்பி, காரங்கள் ஜோடி சேராமல் திண்டாடினார். அதே அறையில் இருந்த வேதியியலாளர் ஜெர்ரி டோனஹ்யூ, புத்தகம் தப்பு, ஹைட்ரஜன் ஆக்சிஜனுக்குப் போகாத கீட்டோ வடிவம்தான் சரி என்று சொன்ன பிறகே ஜோடிகள் சேர்ந்தன. வாட்சனுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு டோனஹ்யூ கிடைத்தார். டியூஷனுக்குப் பணமில்லாமல் நூலகத்தில் உங்கள் இணைப்பிதழைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? அதே பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் பயிற்சி மைய விளம்பரமா? அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் செவ்வாயன்று அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தமும், சரியான அம்புக்குறியுடன் அந்தப் படமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.

பி.கு.: இடமில்லாமல் இக்கடிதத்தைச் சுருக்குவதானால் ஃபிரக்டோஸ் கதையை எடுத்துவிடலாம். அரை அம்பு இரண்டும் இருக்கட்டும்.