அந்த அடகுச் சீட்டுக்கு நன்றி

அன்புள்ள உங்கள் எல்லாருக்கும்,

ஏழைகளைத் தேடிப்போய் உதவிய இத்தாலிய இளைஞர் புனித பியர் ஜார்ஜியோ ஃப்ரசாத்தி பற்றிய நம் மூன்று நாள் படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பலகைகளைக் கழற்றிக் கட்டிவைத்த கையோடு இதை எழுதுகிறேன். நாள் கடந்தால் யாராவது ஒருவரை மறந்துவிடுவேனோ என்று பயம்.

முதல் நன்றி சிஸ்டருக்கு. இத்தாலியில் பல வருடம் பணி செய்துவிட்டு வந்தவர். ஃப்ரசாத்தி இறப்பதற்கு முந்தின நாள் எழுதிய கடைசிக் குறிப்பை நான் தப்பாக மொழிபெயர்த்து, 'காப்பீட்டுப் பத்திரம்' என்று எழுதிவைத்திருந்தேன். சிஸ்டர் படித்துவிட்டு, "இல்லப்பா, இது அடகுச் சீட்டு" என்றார். அந்த ஒரு சொல் மாறியதும் எனக்கு எல்லாமே வேறாகத் தெரிந்தது.

கண்காட்சிக்கு வர முடியாதவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்கிறேன். 1925 ஜூலை 3, வெள்ளிக்கிழமை. இத்தாலியின் தூரின் நகரில் 24 வயது பியர் ஜார்ஜியோ இளம்பிள்ளை வாதத்தில் படுத்திருக்கிறார். கை ஏற்கெனவே மரத்துக்கொண்டு வருகிறது. வழக்கமாக ஏழைகளின் வீடுகளுக்குப் போகிற நாள் அது. தங்கை லூச்சியானாவிடம் தன் கோட்டுப் பையில் இருப்பதை எடுத்துவரச் சொல்லி, நண்பர் கிரிமால்டிக்கு நாலு வரி எழுதுகிறார். கொன்வெர்சோவுக்கான ஊசி மருந்து இது, அடகுச் சீட்டு சாப்பாவுடையது, மறந்துவிட்டேன், என் கணக்கில் புதுப்பித்துவிடு. அவ்வளவுதான். கொன்வெர்சோவும் சாப்பாவும் அவர் உதவிவந்த ஏழைகள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கின்றன. மறுநாள் இறந்துபோனார்.

அந்தக் குறிப்பின் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட்டுக் கொடுத்த தம்பிக்கு நன்றி. மலையேறும் படத்தைத்தான் முகப்பில் வைக்க வேண்டும் என்று சிலர் சொன்னீர்கள். 1925 ஜூன் 7 அன்று எடுத்த அந்தப் படத்தில் 'மேல்நோக்கி' என்று அவரே எழுதியிருக்கிறார், அழகான படம்தான். ஆனால் அவரைப் பற்றி எங்கே பார்த்தாலும் மலைதான் முன்னால் நிற்கிறது, மற்றவர் வீட்டு வட்டிக் கெடு பின்னால் போய்விடுகிறது. இந்த முறை சீட்டு முன்னால் நிற்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பொறுத்துக்கொண்டீர்கள்.

அப்புறம், டாக்டர் அம்மாவுக்கு. போலியோவுக்குத் தடுப்பூசி வர இன்னும் 30 வருடம் இருந்த காலம் அது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னீர்கள். நோயாளிகளைப் பார்க்கப் போன இடத்தில்தான் அவருக்கு அது தொற்றியிருக்கும் என்று மருத்துவர்கள் கருதியதையும் மறைக்காமல் சொன்னீர்கள். அதே வாரம் அதே வீட்டில் பாட்டி இறந்துகொண்டிருந்ததால் இவர் வலியை யாரும் கவனிக்கவில்லை என்று நீங்கள் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பையன் அழுதுவிட்டான்.

ஏழைகளை வீடு தேடிப்போய்ப் பார்த்து உதவும் வின்சென்ட் தே பவுல் சபைப் பெரியவர்கள் இருவருக்கும் என் வணக்கம். 1833-இல் பாரீசில் ஓசனாம் என்ற 20 வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை. பியர் ஜார்ஜியோ 1918-இல், 17 வயதில் அதில் சேர்ந்தார். அப்பா 'லா ஸ்டாம்பா' நாளிதழின் உரிமையாளர், பிறகு பெர்லினில் இத்தாலியத் தூதர். மகனோ ரயிலுக்கு வைத்திருந்த காசைக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு சேர ஓடிவருவார். "ஓடி வந்தது பெரிதில்லை, அந்த வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாரே, அதுதான்" என்று நீங்கள் சொன்னது எங்கள் பலகை எதிலும் இல்லாத விளக்கம். 40 வருடம் வாராவாரம் ஏழைகளின் வீடுகளுக்குப் போகிறவர் வாயிலிருந்துதான் அப்படி வரும்.

பலகை அடித்துக் கொடுத்த தச்சர் அண்ணன், டீ போட்ட அம்மாக்கள், இரவு காவலுக்குப் படுத்த இளையோர் எல்லாருக்கும் நன்றி.

இரண்டாம் நாள் மாலை ஒரு பாட்டி வந்தார். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படிப்பவர். சவ ஊர்வலப் படத்தின் முன் நின்று பேத்தியை வாசிக்கச் சொன்னார். தெருவெல்லாம் ஏழைகள் திரண்டு வந்ததையும், தங்களிடம் வந்துபோன பையன் இவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளை என்று அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்ததையும் கேட்டார். பிறகு அடகுச் சீட்டுப் பலகைக்கு நகர்ந்து, சரிந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்து, "அந்த நகையைத் திருப்பினாங்களா?" என்று கேட்டார். அடகு வைத்தது நகையா வேறெதுவுமா என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை, பாட்டி. ஆனால் அவரைப் பற்றி இத்தனை நாள் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அதற்காக உங்களுக்கும் நன்றி.

2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தபோது தொலைக்காட்சி முன் ஒன்றாக உட்கார்ந்திருந்தோமே, அப்போது பிறந்த யோசனை இது. வேறு தேவாலயப் பங்குகளில் கேட்டிருக்கிறார்கள். பலகைகள் இருக்கின்றன, எடுத்துப் போகலாம். அந்தக் குறிப்பின் படம் மட்டும் விரல் பட்டுப் பட்டு ஓரம் மங்கியிருக்கிறது. அதை மாற்றாமல் அப்படியே அனுப்பப்போகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்