ஒரு ஹிட்டு மறைச்ச ஆல்பம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல 90கள்ல கிளப்புகள ஆட்டி வச்ச பாட்டுகளப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா டீ-லைட்ங்கிற நியூயார்க் டான்ஸ் மியூசிக் குழு பத்தி எழுதியிருந்த ரெண்டு வரிகிட்ட வந்ததும் டீ ஆறிப் போற வரைக்கும் அப்படியே உக்காந்துட்டேன். ஒரே ஒரு ஹிட்டு கொடுத்துட்டுக் காணாமப் போனவங்கன்னு முடிச்சுட்டீங்க, கூடவே 'குரூவ் இஸ் இன் தி ஹார்ட்' பாட்டுல ஓடுற அந்த பாஸ் கிட்டார் மெட்டு ஃபங்க் பாஸிஸ்ட் பூட்ஸி காலின்ஸ் கைவேலைன்னும் போட்டிருக்கீங்க.

மொதல்ல அந்த பாஸ் கதைய முடிச்சுடுறேன். அது 1966ல 'ப்ளோ-அப்' படத்துக்கு ஜாஸ் பியானோக்காரர் ஹெர்பி ஹான்காக் போட்ட மியூசிக்ல இருந்து எடுத்தது. 'பிரிங் டவுன் தி பேர்ட்ஸ்'னு ஒரு குட்டித் துண்டு, போட்டுக் கேளுங்க, ஆரம்பிச்ச உடனே அட நம்ம பாட்டுன்னு தலை தானா ஆடும். பூட்ஸியும் பாட்டுல இருக்காரு, குரலும் சேட்டையுமா. சாக்ஸுக்கு மேசியோ பார்க்கர், டிராம்போனுக்கு ஃபிரெட் வெஸ்லி, மூணு பேருமே ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பட்டறையில இருந்து வந்தவங்க. நடுவுல ராப் பண்றது கியூ-டிப். இத்தனை பெரிய கைங்க சேர்ந்த பாட்டத்தான் நாம கல்யாண ரிசப்ஷன் பாட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

அந்த ஒரே ஹிட்டு விஷயம்தான் எனக்கு நிஜமாவே ஆறல. ஏன்னா அந்தப் பாட்டு இருக்குற ஆல்பம் எனக்குத் தலைகீழா வந்து சேர்ந்துச்சு. 'வேர்ல்ட் கிளிக்' 1990ல வந்தது, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு எங்க சித்தப்பா துபாய்ல இருந்து வர்றப்ப நாலஞ்சு கேசட்டோட இதையும் கொண்டு வந்தாரு, அட்டையில இருந்த கலரப் பாத்து எடுத்தேன்டான்னாரு. வந்த மூணாவது நாளே எங்க வீட்டு டேப் ரிக்கார்டர் பி சைடு ஓடிட்டு இருக்கும்போது நாடாவ மென்னு துப்பிருச்சு, பென்சில் விட்டுச் சுத்திச் சுத்திப் பாத்தும் அந்தப் பக்கம் தேறல. அந்த ஹிட்டு இருக்குறது பி சைடுல. ஆக ஊரே அந்த ஒரு பாட்ட மட்டும் கேட்டுட்டு இருந்தப்ப நான் அது இல்லாத ஏ சைடத் தேயத் தேயக் கேட்டவன் சார்.

அதனால சொல்றேன், அந்த ஹிட்டு ஹவுஸ்ங்கிற கிளப் டான்ஸ் மியூசிக்ல சுத்தமான வகை கூட கிடையாது, அது ஃபங்க்கும் ஹிப்-ஹாப்பும் கலந்த கதம்பம். ஹவுஸ் இருக்குறது 'குட் பீட்', 'பவர் ஆஃப் லவ்', 'வாட் இஸ் லவ்' இதுலதான். சிகாகோவுல வேர்ஹவுஸ்னு ஒரு கிளப், அங்க ஃபிராங்கி நக்கிள்ஸ் ரெக்கார்டு சுத்துனாரு, அந்தக் கிளப் பேர்ல இருந்துதான் ஹவுஸ்ங்கிற பேரே வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நாலு அடிக்கும் நாலு டும், இடையில ஒரு ட்ஸ், அதுக்கு மேல பியானோ. இவ்வளவுதான் சாமான். 'பவர் ஆஃப் லவ்'ல இதே சாமான வச்சுக்கிட்டு குழுவோட பாடகி கியர் அந்தம்மா பாடுறதக் கேளுங்க, உருகிப் பாடுற மாதிரியும் இருக்கும், கண்ணடிச்சு கிண்டல் பண்ற மாதிரியும் இருக்கும், எதுன்னு கடைசி வரைக்கும் பிடிபடாது. அமெரிக்க டான்ஸ் சார்ட்டுல அதுவும் 1ஆம் இடத்துக்குப் போன பாட்டுதான், ஒரே ஹிட்டுன்னா இது என்ன கணக்கு?

நியூயார்க்ல சேர்ந்த ஆளுங்களப் பாருங்க, ஓஹையோவுல இருந்து லேடி மிஸ் கியர், உக்ரைன்ல இருந்து டிமிட்ரி, ஜப்பான்ல இருந்து டோவா டேய். மூணு பேரும் காமிக்ஸ் புக்ல இருந்து இறங்கி வந்த மாதிரி டிரெஸ் பண்ணிக்கிட்டதாலயே சீரியஸா ஹவுஸ் கேக்குறவங்க மூக்கச் சுளிச்சாங்க, பாப் கேக்குறவங்க ஒரு பாட்டோட எழுந்து போயிட்டாங்க. சிரிச்சுக்கிட்டே செஞ்சா வேலை செய்யலன்னு அர்த்தமா?

இன்னொண்ணும் நீங்க விட்டுட்டீங்க, எழுதியிருந்தா வாசகர்கள் ரசிச்சிருப்பாங்க. 1990 செப்டம்பர்ல பிரிட்டன் சார்ட்டுல இந்தப் பாட்டும் ஸ்டீவ் மில்லர் பேண்டோட 'தி ஜோக்கர்' பாட்டும் விற்பனையில சரிசமமா வந்து நின்னுச்சு. அது 1973ல வந்த பழைய பாட்டு, ஒரு ஜீன்ஸ் விளம்பரத்துல போட்டதால திரும்ப எந்திரிச்சு வந்துச்சு. பூவா தலையா கூட போடல, போன வாரத்த விட எதுக்கு விற்பனை அதிகமா ஏறுச்சோ அதுக்கே 1ஆம் இடம்னு ஒரு விதிய எடுத்து நீட்டி ஜோக்கர மேல தூக்கி வச்சுட்டாங்க. டீ-லைட்டுக்கு 2. இத இப்ப நினைச்சாலும் எனக்கு வயிறு எரியும், எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு வீட்டுல கேக்குறாங்க.

அந்த பாஸ் விஷயத்துக்கு மட்டும் ஒரு திருத்தம் போட்டுடுங்க, அது போதும். அப்புறம், அந்த மூணு பேர் போட்டோவ கருப்பு வெள்ளையில போட்டது யாரு சார்?

இப்படிக்கு,
பி சைடு போன ஒரு வாசகன்,
தஞ்சாவூர்