குழந்தைகள் வார்டு பெற்றோர், செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் நேரத்தைப் பிடித்துக்கொண்டது, அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மார்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளும் அவற்றால் மூச்சு மந்தமாகும் ஆபத்தும்தான்.

அதிகம் விவாதித்தது பட்டனைப் பற்றி. வலிக்கும்போது குழந்தையே அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்ப் அது. மயக்கம் கூடினால் கை அழுத்தாது. அதுதான் அதன் பாதுகாப்பு. தூக்கத்தில் பிள்ளை முகம் சுளிக்கிறதே, பாவம் என்று பக்கத்தில் இருப்பவர் அழுத்திவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2004லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

அடுத்தது, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். 98 காட்டுகிறது, சரி, பயமில்லை என்று இருந்துவிடுகிறோம். ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தைக்கு, மூச்சு குறைந்து கரியமில வாயு தேங்கத் தொடங்கிய பிறகும் அந்த எண் சட்டென்று இறங்காது. வெளிவிடும் மூச்சில் அந்த வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபி முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். அது இல்லாத இடத்தில் நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகுகிறதா, கூப்பிட்டால் விழிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூச்சு மந்தமாகும் முன் மயக்கம்தான் பெரும்பாலும் முதலில் கூடும். குறட்டை விட்டால் நிம்மதியான தூக்கம் என்ற நம்பிக்கையை மாற்றத்தான் செவிலியர்கள் ரொம்பப் பாடுபட்டார்கள். மூச்சுப்பாதை அடைபடுவதாலும் குறட்டை வரும்.

சிறு குழந்தைகளுக்குக் கோடீன் என்ற ஓபியாய்டு மருந்து வேண்டாம் என்பதையும் விளக்கினோம். சிலருடைய கல்லீரல் அதை அளவுக்கு மீறி வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன், இன்னொரு ஓபியாய்டான டிரமடால் இரண்டுமே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017ல் அறிவித்தது.

ஓபியாய்டின் விளைவை முறிக்கும் மருந்தான நலோக்சோன் பற்றிப் பலர் கேட்டார்கள். அதன் வேலை மார்ஃபினுக்கு முன்பே தீர்ந்துவிடலாம். குழந்தை விழித்துவிட்டது என்று கண்காணிப்பை விடக்கூடாது.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து, வலி மருந்தே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அது சரியல்ல, வலியில் கிடக்கும் குழந்தை இருமாது, ஆழ்ந்து மூச்சு இழுக்காது. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தால் ஓபியாய்டின் தேவை குறையும் என்று மருத்துவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

வரும் ஆண்டில், ஓபியாய்டு ஏறும் படுக்கைகளுக்குக் கேப்னோகிராஃபி கேட்டு நிர்வாகத்திடம் மனு கொடுக்கலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒப்புதல் தருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்