மணிக்கு மாத்திரை குறைக்கப் போகிறார்கள்

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதமும் தூக்குப்போசியும் உன் மாமன் மகன் கையில் வரும். போசியில் நெய் இருக்கிறது. துணிப்பையில் கொள்ளு, பருப்புப்பொடி, பாப்பாவுக்குக் கச்சாயம். நெய்யை பிரிட்ஜில் வைக்க வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். நம் நாய் மணியின் போட்டோ அனுப்பினால் நீலக்குறி விழுகிறது, அதோடு சரி. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மணி நன்றாக இருக்கிறான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூக்குத்தண்டில் இருந்த பொருக்கெல்லாம் உதிர்ந்து புது ரோமம் முளைத்திருக்கிறது. காது மடலின் உள்பக்கம் சுத்தமாக ஆறிவிட்டது. பாதம் மட்டும் இன்னும் தடிப்பாக இருக்கிறது, வெடிப்பு பாக்கி. ஆனாலும் பால்கார வண்டிச் சத்தம் கேட்டால் கட்டுத்தரையிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் போய்விடுகிறான். நீ பொங்கலுக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாய், அப்போது எழுந்து நிற்கவே அழுதான்.

"ஒரு நாய்க்கு எதுக்கம்மா இவ்வளவு செலவு, ஊசி போட்டு அனுப்பிடுங்க" என்று நீ சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வைத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்குப் போனவன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்த குட்டி அது. அப்பா திட்டுவார் என்று தொண்டுப்பட்டியில் ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்து ஒளித்து வைத்தவன் நீ. அப்படிப்பட்டவன் வாயில் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

சரி, செலவைப் பற்றியே சொல்கிறேன், நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மணிக்குக் கொடுக்கிற பிரெட்னிசொலோன் மாத்திரை மலிவு. ஆள்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான், மெடிக்கலில் கிடைக்கிறது. அசதையோப்ரின் என்கிற இன்னொரு மாத்திரை அதைவிடக் கொஞ்சம் கூட. தோலை வெட்டி எடுத்துப் பார்த்த பரிசோதனைதான் பெரிய செலவு, அது ஒரு தடவையோடு முடிந்தது. இப்போது மாத்திரை, ரத்தப் பரிசோதனை, வண்டி வாடகை, அவ்வளவுதான். சொசைட்டியில் ஊற்றுகிற பால் காசிலேயே அடங்கிவிடுகிறது. உன்னிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. நீ இந்த மாதம் அனுப்பாததை நான் கவனித்ததுகூட இல்லை, பாஸ்புக் போடப் போன அப்பாதான் சொன்னார்.

இங்கே முதலில் பார்த்த டாக்டர் சொறி என்றுதான் ஊசி போட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆரம்பத்தில் சொறியும் இந்த நோயும் ஒன்றுபோலத்தான் தெரியுமாம். சீழ் வைத்ததற்கு மாத்திரையும் கொடுத்தார். கொஞ்சம் வாடின மாதிரி இருந்து மறுபடி மூக்கு, காது, கண்ணைச் சுற்றி என்று முகம் முழுக்க மஞ்சள் கொப்புளம். பொழுதோட வந்தது விடிவதற்குள் உடைந்து பொருக்கு ஆகிவிடும். பக்கத்துத் தோட்டத்தில் வண்டிக் கழிவு ஆயிலைப் பூசச் சொன்னார்கள். நான் விடவில்லை. நாய் நக்கினால் அது விஷம். உன் பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள், பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று. ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகும் அவள் உள்ளே வரவில்லை.

நாமக்கல் கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம் என்று சொன்னது உன் அப்பா. 1985-ல் ஆரம்பித்த கல்லூரி அது, நம் பக்கத்து மாடு கன்று எல்லாம் முடியாமல் போனால் அங்கேதான் போகும். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர். பாப்பாவின் சித்தி வயதுதான் இருக்கும். உடையாத ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பொருக்கைப் பிய்க்கக் கூடாது, குளிப்பாட்டவும் கூடாது, பொருக்கோடு சேர்த்துத்தான் தோலை எடுக்க வேண்டும் என்றாள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுத்தாள். மணி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அசையவே இல்லை.

நோயின் பெயர் பெம்பிகஸ் ஃபோலியேசியஸ். எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்த கிருமி எதுவும் காரணம் இல்லை. காவலுக்கு இருக்கிற எதிர்ப்பு சக்தியே தன் தோலை எதிரி என்று நினைத்துக்கொண்டு அடிக்கிறது. செங்கல்லுக்கு நடுவில் சாந்து இருக்கிறது அல்லவா, தோலின் செல்களுக்கு நடுவிலும் அப்படி ஒரு பிடிப்பு உண்டாம். உடம்பு அந்தச் சாந்தைத்தான் பேர்த்துவிடுகிறது. அதனால் செல்லெல்லாம் ஒன்றை ஒன்று விட்டுவிட்டு உருண்டையாகத் தனித்தனியே மிதக்கிறது. அதைத்தான் அவள் கண்ணாடித் துண்டில் பார்த்தாள். எனக்கும் காட்டினாள். அப்படி அடிக்கிற எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கத்தான் இந்த மாத்திரை எல்லாம்.

அடியோடு போய்விடுமா என்று கேட்டேன். அடக்கி வைக்கலாம், சில நாய்களுக்குப் பின்னால் மாத்திரையே வேண்டியிருக்காது, நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது கடைசிவரை வேண்டியிருக்கும் என்றாள். ஒளிக்காமல் சொன்னாள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. உள்ளதைச் சொல்லிவிட்டால் மனுஷனுக்கு அடுத்தது என்ன என்று பார்க்கத் தோன்றுகிறது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கொன்றாக நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்க வேண்டியதுதான்.

பிரெட்னிசொலோன் ஆரம்பத்தில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கணக்கு. மணி 20 கிலோ, அதனால் 40 மில்லிகிராம், சாப்பாட்டோடு. களி உருண்டைக்குள் வைத்துக் கொடுத்துவிடுவேன். அந்த மாத்திரை சாப்பிட்டால் தாகம் தாங்காது. தண்ணீர்ச் சட்டி காலியாகவே இருக்கக் கூடாது, குறைத்து வைக்கவும் கூடாது. ராத்திரியில் திரும்பத் திரும்ப வெளியே போக வேண்டும் என்று கதவைப் பிராண்டுவான், அப்பாவும் நானும் மாறி மாறி எழுந்திருப்போம். பசியோ பசி. ஒரு நாள் மாட்டுக்கு ஊறவைத்த பருத்திக்கொட்டையில் வாயை வைத்துவிட்டான். வயிறு தொங்கி, தொடை இளைத்துப்போய்விட்டது. அதெல்லாம் அளவு குறையக் குறையச் சரியாகும் என்கிறாள்.

அசதையோப்ரின் வேறு மாதிரி. அதை உடைக்கக் கூடாது, கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. அது ரத்தத்தில் வெள்ளணுவைக் குறைத்துவிடும், கல்லீரலையும் பாதிக்கும். அதற்காகத்தான் ரத்தப் பரிசோதனை, ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிட முடியாது. வெளியே நன்றாக இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அவள் அழுத்திச் சொன்னது ஒன்றுதான், பிரெட்னிசொலோனைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது, அட்ரினல். மாத்திரை வெளியிலிருந்து வருவதால் அது தன் வேலையை விட்டுவிட்டுத் தூங்கிவிடும். நாம் ஒரே நாளில் நிறுத்தினால் அதனால் உடனே எழுந்திருக்க முடியாது, நாய் சுருண்டு விழுந்துவிடும். புதுக் கொப்புளம் வராமல் இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கால் பங்கு என்று படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கால் நொண்டுகிறான் என்று வலி மாத்திரையும் கொடுத்துவிடக் கூடாது, இதோடு சேர்ந்தால் வயிற்றில் புண் வந்து ரத்தம் போகும். இதையெல்லாம் சமையலறைக் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள் இல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். உனக்கும் தெரிய வேண்டும்.

வெயில் ஆகாது. பண்ணாரி குண்டம் நேரத்து வெயில் உனக்குத் தெரியாததா? காலை 10 மணிக்கு உள்ளே கட்டினால் பொழுது இறங்கித்தான் அவிழ்ப்பது. அப்பா மஞ்சள் காய்கிற களத்துக்குப் போனால் இவனும் பின்னாலேயே போகப் பார்க்கிறான், அதட்டித்தான் நிறுத்துகிறேன். உண்ணியும் பார்க்க வேண்டும். எதிர்ப்பு சக்தியை நாமே அடக்கி வைத்திருப்பதால் சின்னக் காயம்கூட லேசில் ஆறாது. வெறிநோய் ஊசி எப்போது போடுவது என்பதையும் அவளைக் கேட்டுத்தான் செய்யப் போகிறோம்.

உன்னிடம் வேறு பேச்சே இல்லையா என்று நீ நினைப்பாய். இருக்கிறது. மஞ்சள் இந்த வருஷம் பரவாயில்லை, விற்ற காசு பேங்கில் சும்மாதான் கிடக்கிறது. யாருக்கும் நாங்கள் கொடுக்க வேண்டியது இல்லை. மேல்காட்டு வாழையும் நன்றாக வந்திருக்கிறது. தெற்கு ரூம் ஒழித்து வெள்ளையடித்தாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு நான் கூப்பிட்டபோது பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை என்றாய். சரி. பாப்பா வேறு, "இப்பல்லாம் அப்பாதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாரு, கூட்டிட்டு வர்றாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். குழந்தைக்கு அது நல்லதுதானே, எத்தனை அப்பன்களுக்குக் கிடைக்கிறது? நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மருமகளிடமும் கேட்கவில்லை. அவளை ஏன் கேட்க வேண்டும், அவளும் பாவம், ஆபீசும் வீடும் பார்க்கிறாள்.

அப்பா தறியை எடைக்குப் போட்ட வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஒன்பதாவது படித்தாய். அவர் தினமும் சோற்றுப்போசியை எடுத்துக்கொண்டு பவானி போய்க் கூடுதுறையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அப்போதும் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. உன் ஸ்கூல் பீஸ் நின்றதில்லை. அவர் தலை குனிந்து நடந்த நாளிலும் நான் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. என் பிள்ளையைச் சொல்வேனா?

பெங்களூரில் முதல் சம்பளம் வாங்கியபோது நீ எனக்குச் சேலை எடுத்தாய், மணிக்குத் தோல் பட்டை வாங்கினாய். கழுத்தில் புண் இருந்ததால் அதைக் கழற்றி வைத்திருந்தேன், இப்போது போடலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். எதற்குச் சொல்கிறேன் என்றால், செலவுக்குப் பயப்படுகிறவன் நீ இல்லை. அந்தச் சொல் உன்னுடையது இல்லை என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன்.

வருகிற வியாழக்கிழமை நாமக்கல் போகிறோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிற மாதிரி குறைக்கலாம் என்றிருக்கிறாள். வண்டியில் மணியைப் பிடித்துக்கொண்டு உட்கார அப்பாவால் முடியவில்லை, முட்டி வலி. நீ புதன்கிழமை ராத்திரி வந்துவிட்டால் நல்லது. கொள்ளேகால், பர்கூர் மலை வழியாக வர வேண்டாம், ராத்திரியில் அது ஆகாது, சேலம் வழியாகவே வா. மருமகளுக்கு லீவு கிடைக்காவிட்டால் பாப்பாவை மட்டும் கூட்டிக்கொண்டு வா. நாலு நாள் ஸ்கூலுக்குப் போகாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

வேலை நாள்தான், தெரியும். லீவு கேட்க வேண்டியிருந்தால் கேள். கேட்க வேண்டியதில்லை என்றால் அப்படியே கிளம்பி வா.

அம்மா